ஏலக்காய் ரொட்டிக்காகப் போன கூட்டம்

மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்குள் வளைந்த விரல்போல நீண்டு கிடக்கும் கீவினா தீபகற்பத்தில் ஆறு குளிர்காலம் கழித்திருக்கிறேன். ஹோட்டன் என்ற சிற்றூர், அங்கே ஒரு பல்கலைக்கழகம், அதில் நான் ஆய்வு மாணவன். சாதாரண ஆண்டிலேயே ஐந்து மீட்டர் பனி கொட்டும் இடம். நவம்பரில் சாத்தி வைத்த சைக்கிளை ஏப்ரலில் தோண்டி எடுப்போம். பிப்ரவரி மாலைகளில் ஆய்வுக்கூடம், அறை, மறுபடி ஆய்வுக்கூடம். அப்படி ஒரு மாலையில்தான் மளிகைக் கடை வாசலில் ஒட்டியிருந்த தாள் கண்ணில் பட்டது. பின்லாந்தின் மொழி, பண்பாடு பற்றிப் பொதுப் பேச்சு. அனுமதி இலவசம். முடிவில் காபியும் நிசுவும் உண்டு.

மொழி ஆர்வமெல்லாம் ஒன்றும் இல்லை. நிசு என்றால் என்னவென்று முந்தைய வாரம்தான் தெரிந்திருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். மூன்று புரியாகப் பின்னிச் சுட்ட இனிப்பு ரொட்டி, மேலே சர்க்கரை. பிய்த்தால் உள்ளே கறுப்புப் புள்ளிகள். முகர்ந்து பார்த்தேன், ஏலக்காய்! நம் வீட்டில் பாயசத்துக்குப் போடுவதுபோல் நைசாகப் பொடிக்காமல் கொரகொரவென்று இடித்துப் போட்டிருந்தார்கள். பல்லில் சிக்கியது. ஊரைவிட்டு வந்து எட்டு மாதமான ஒருவனை அந்த வாசனை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு துண்டு இலவசமாகக் கிடைக்கும் என்றால் பாலம் தாண்டிப் போகலாம் என்று தோன்றியது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹான்காக். அங்கே தெருப் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலத்தோடு பின்னிஷும் இருக்கும். காரணம் செம்பு. மலைமேல் இருந்த குவின்சி சுரங்கம் 1864, 1865 வாக்கில் ஆள் தேடியபோது, வட நார்வேயின் செம்புச் சுரங்கங்களில் வேலை பார்த்த பின்னியர்கள் முதலில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் பின்லாந்தின் மேற்குப் பகுதியான பொஹ்யன்மாவிலிருந்து ஊர் ஊராகக் கிளம்பினார்கள். நிலம் போதாத இரண்டாவது மகன்கள், மூன்றாவது மகன்கள். முதல் உலகப் போருக்குள் வட அமெரிக்காவுக்கு வந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அப்போது பின்லாந்து தனி நாடுகூட இல்லை, ரஷ்யப் பேரரசின் பகுதி. 1896இல் ஹான்காக்கில் சுவோமி கல்லூரியைத் தொடங்கினார்கள். சுவோமி என்றால் அவர்கள் மொழியில் பின்லாந்து.

பேச்சு நடந்தது பின்னிஷ் அமெரிக்க மரபு மையத்தில். ஒரு காலத்தில் கத்தோலிக்கத் தேவாலயமாக இருந்த கட்டடம். உள்ளே நாற்பது பேர் இருந்தார்கள். அறுபது வயதுக்குக் கீழே இருந்தது நானும் ஒலிபெருக்கி சரிசெய்தவரும்தான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு ஒரு அம்மாள் பக்கத்து நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார்.

முதல் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பேச வந்தவர் பின்லாந்துக்காரர், நன்றாகப் படித்தவர். பள்ளிக்கல்வி, கைபேசி, கண்ணாடிச் சாமான், ஹெல்சிங்கி டிராம் என்று படம் படமாகக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களின் தாத்தா பாட்டி விட்டுவந்த ஊரில் டிராம் இல்லை. முன்வரிசையில் ஒருவர் தூங்கியே விட்டார். கடைசியில் ஒருவர் கை தூக்கி, புனித ஊர்ஹோ திருநாளைப் பின்லாந்தில் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டார். அப்படி ஒரு புனிதரே கிடையாது என்று பேச்சாளர் விளக்க ஆரம்பித்தார். அரங்கமே சிரித்தது. கிடையாது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன. ஐரிஷ்காரர்களுக்கு மார்ச் 17இல் புனித பேட்ரிக் இருக்கிறார், நமக்கு ஒருவர் வேண்டாமா என்று 1956இல் மினசோட்டாவில் இட்டுக்கட்டிய புனிதர் ஊர்ஹோ. பின்லாந்தின் திராட்சைத் தோட்டங்களிலிருந்து வெட்டுக்கிளிகளை மந்திரம் சொல்லி விரட்டினாராம். பின்லாந்தில் ஏது திராட்சைத் தோட்டம்! மார்ச் 16இல், பேட்ரிக்குக்கு ஒரு நாள் முன்பாகவே, அவருக்கு விழா. கேட்டவர் பேச்சாளரைச் சீண்டத்தான் கேட்டார். அவருக்கு அது பிடிபடவில்லை.

சரி, ரொட்டி கிடைத்தது, போதும் என்று கிளம்பினேன். அடுத்த மாதம் மறுபடி போனதும் ரொட்டிக்குத்தான்.

இந்த முறை வந்தவர் ஒரு பெண், பின்லாந்தில் மொழியாசிரியர். நான்கு செவ்வாய்க்கிழமை பேசப்போவதாகச் சொன்னார். கரும்பலகையில் முதலில் அவர் எழுதிய சொல் நிசு. 'எங்கள் ஊர் ரொட்டிக்கடையில் போய் நிசு கேட்டால் கடைக்காரப் பையன் விழிப்பான்' என்றார். இப்போது அங்கே அதற்குப் புல்லா என்று பெயர். நிசு என்பது கோதுமைக்கான பழைய சொல். கப்பலேறி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்தார்கள், இங்கே அது ரொட்டியாக நின்றுவிட்டது. அங்கே பொதுமொழியில் கோதுமைக்கு வேறு சொல், இனிப்பு ரொட்டிக்கு வேறு சொல் என்று ஆகிவிட்டது. 'நீங்கள் சொல்வது தப்பு இல்லை, நாங்கள்தான் மறந்துவிட்டோம்' என்றார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அன்றுதான் எனக்கும் ஒரு விஷயம் நடந்தது. பலகையில் மூன்று சொற்களை எழுதினார். துலி, நெருப்பு. தூலி, காற்று. துல்லி, சுங்கம். குறிலை நீட்டினால் ஒரு பொருள், மெய்யை இரட்டித்தால் வேறொரு பொருள். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பெரியவர்களுக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்கள், நெருப்பு காற்றாகிக்கொண்டே இருந்தது. 'தபான்' என்று நீட்டினால் உன்னைச் சந்திக்கிறேன், 'தபன்' என்று குறுக்கினால் உன்னைக் கொல்கிறேன் என்று வேறு பயமுறுத்தினார். நான் கை தூக்கி மூன்றையும் சரியாகச் சொன்னேன். 'எங்கே படித்தீர்கள்?' என்றார். படிக்கவில்லை, எங்கள் மொழியிலும் படம் வேறு, பாடம் வேறு, பட்டம் வேறு என்றேன். சாக்பீஸை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு நான்கு செவ்வாயும் நான் பாதி மாணவன், பாதி உதவியாளன். தலொ என்றால் வீடு. தலொஸ்ஸ, வீட்டில். தலொஸ்ஸனி, என் வீட்டில். தலொஸ்ஸனிகின், என் வீட்டிலும். தலொஸ்ஸகொ, வீட்டிலா? நாம் கடைசியில் 'உம்' ஒட்டும் இடத்தில் அவர்கள் 'கின்' ஒட்டுகிறார்கள், நாம் 'ஆ' ஒட்டும் இடத்தில் 'கொ'. பதினைந்து வேற்றுமை என்றதும் அரங்கம் பெருமூச்சு விட்டது. எனக்கு எட்டாம் வகுப்புத் தமிழய்யா ஞாபகம் வந்தார். என்னிடம் வீடு உண்டு என்பதற்கு அவர்களுக்கும் ஆங்கிலம்போல ஒரு வினை கிடையாது, 'என்னிடம் இருக்கிறது' என்றேதான் சொல்கிறார்கள். போக மாட்டேன் என்பதற்கு 'எந் மெனெ', நீ போக மாட்டாய் என்பதற்கு 'எத் மெனெ', அவன் போக மாட்டான் என்பதற்கு 'எய் மெனெ'. மறுப்புக்கே ஆள் பார்த்து விகுதி மாறுகிறது. நம் பழைய தமிழின் போகேன், போகாய், போகான்.

ஒரு இடத்தில் மட்டும் எதிர்த்திசை. வீடு என்பது உருபு ஏற்றால் நம்மிடம் தடிக்கிறது, வீட்டில் என்கிறோம். அவர்களிடம் மெலிகிறது. குக்க என்றால் பூ. பூவின் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு ககரம் கழன்றுவிடும், குகன். கங்கைக்கரை வேடன் அங்கே எப்படிப் போனான் என்று சிரித்துக்கொண்டேன். அவர்கள் நெஞ்சுரத்துக்குச் சொல்லும் 'சிசு' வேறு தமிழில் எழுதினால் கைக்குழந்தையாகிவிடுகிறது.

இந்த ஒற்றுமையைப் பார்த்து மயங்கியவன் நான் மட்டும் இல்லை. கால்டுவெல் 1856இல் தன் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது, திராவிட மொழிகளைப் பின்னிஷ் உள்ளிட்ட 'சித்திய' மொழிகளோடு சேர்த்துப் பார்த்தார். இன்று மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. ஒட்டு ஒட்டாகச் சொல் கட்டும் மொழிகள் உலகில் பல உண்டு, கட்டும் முறை ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவாகிவிடாது. ஆனால் பின்லாந்துக்கும் தமிழுக்கும் வேறு வழியில் நிஜமான தொடர்பு இருக்கிறது. சிந்துவெளி எழுத்துக்குப் பின்னால் திராவிட மொழி என்று ஆயுள் முழுக்க வாதிட்டுவரும் அஸ்கோ பர்போலா ஹெல்சிங்கிக்காரர். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டில் விருது வாங்கினார். பின்லாந்தின் காவியமான கலேவலாவை, அங்கே குடியேறி வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன், அதாவது ஆர். சிவலிங்கம், தமிழாக்கி 1994இல் கொண்டுவந்தார். இதைக் காபி மேசையில் சொன்னபோது எனக்கு இடம் விட்ட அம்மாள் நம்பவில்லை. கைபேசியில் காட்டினேன். எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். 'இவ்வளவு வளைவா! படித்துக் காட்டுங்கள்' என்றார். பத்து வரி படித்தேன். மேசையைச் சுற்றி இருந்த யாருக்கும் ஒரு சொல் புரிந்திருக்காது. கலேவலா முழுக்க மோனை, அது காதில் விழுந்திருக்கலாம் என்பது என் ஆசை.

அந்த அம்மாளிடம் பேசிப் பேசித்தான் இந்த ஊரில் பேச்சு என்பதற்கு இருந்த இடம் எனக்குப் புரிந்தது. பேச்சு கேட்கப் போவது இவர்களுக்குப் புதிதல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒவ்வொரு பின்னிஷ் குடியிருப்பிலும் ஒரு 'ஹாலி' இருந்தது. ஆங்கில ஹால்தான், கடைசியில் ஒரு இகரம் ஒட்டியிருக்கிறது. நாம் பஸ்ஸு, ரோடு என்று உகரம் ஒட்டுகிறோம், அவர்கள் இகரம். சுரங்கம் 'மைனி', ஏரி 'லேகி', முதலாளி 'போசி'. பகரத்தில் தொடங்கும் நம் பாங்கி அவர்களுக்கும் 'பாங்க்கி'தான், அது பின்லாந்திலேயே அப்படி. ஹாலியில் சனிக்கிழமை இரவு 'இல்தமத்' நடக்கும். பாட்டு, கவிதை, நாடகம், காபி, நடனம். நடுவில் கட்டாயம் ஒரு சொற்பொழிவு. அதற்கென்றே ஊர் ஊராக ரயிலில் சுற்றும் பேச்சாளர்கள் இருந்தார்கள். நடனத்துக்காக வந்த இளசுகள் பேச்சு முடியும்வரை சுவரோரம் நிற்க வேண்டும். நம் ஊரில் படிப்பகமும் மேடையும் வளர்ந்த கதை தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

மது ஒழிப்புக்காரர்களுக்கு ஒரு ஹாலி, தேவாலயக்காரர்களுக்குக் கோயில் மண்டபம், சோஷலிஸ்டுகளுக்கு ஒரு ஹாலி. ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒருவர் படி இன்னொருவர் மிதிக்க மாட்டார்கள். பத்திரிகையும் தனித்தனி. தேவாலயத் தரப்புக்கு அமெரிக்கன் சுவோமெதர், தொழிலாளர் தரப்புக்குத் தியோமியெஸ். இரண்டும் ஒரு காலத்தில் ஹான்காக்கிலிருந்தே வந்தன. லுத்தரன் திருச்சபை எழுத்தறிவில் கறாராக இருந்ததால் கப்பலேறியவர்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியும். அதனால் பத்திரிகைக்கும் பஞ்சமில்லை, சண்டைக்கும் பஞ்சமில்லை. 1913 செம்புச் சுரங்க வேலைநிறுத்தத்தில் அது முற்றியது. அந்தக் கிறிஸ்துமஸ் முந்தின நாள், பக்கத்து கேலுமெட்டில் தொழிலாளர் குழந்தைகளுக்கான விழாவில் யாரோ 'தீ' என்று கத்தினார்கள். தீ எதுவும் இல்லை. மாடிப்படி நெரிசலில் 73 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள், அவர்களிலும் பின்னியர்களே அதிகம். அந்த அம்மாள் இதைச் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். நூறு வருஷம் ஆகியும், யார் கத்தியது என்பது இங்கே மேசையில் சத்தமாகப் பேசும் விஷயம் இல்லை.

பேச்சைக் கேட்டு வாழ்க்கையே போனவர்களும் உண்டு. 1930களின் தொடக்கத்தில் சோவியத் கரேலியாவுக்கு வாருங்கள், பின்னிஷ் பேசும் தொழிலாளர் நாடு கட்டலாம் என்று ஹாலி ஹாலியாகப் பேசினார்கள். பொருளாதார மந்தத்தில் வேலை போயிருந்த நேரம். வட அமெரிக்காவிலிருந்து 6,000 பேருக்கு மேல் வீட்டை விற்று, ரம்பத்தையும் காரையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆள் சேர்த்தவர்களில் ஒருவரான ஆஸ்கர் கோர்கன் 1934இல் தன் குடும்பத்தோடு தானும் போனார். அடுத்தவரை அனுப்பிவிட்டுத் தான் தங்கிவிடவில்லை, அந்த அளவுக்கு அவர் பேச்சை அவரே நம்பியிருக்கிறார். 1937இல் கைது, 1938 ஜனவரியில் சுட்டுக் கொன்றார்கள். அவரைப் போலவே நூற்றுக்கணக்கானவர்களையும். அம்மாளின் பெரியப்பா ஒருவரும் போனவர். கடைசிக் கடிதம் 1937. 'நல்ல பேச்சு என்றால் எங்கள் அப்பாவுக்குப் பயம்' என்றார். பிறகு எனக்கு இன்னொரு நிசுத் துண்டு எடுத்து வைத்தார்.

கடைசிச் செவ்வாய்க்கு ஆசிரியர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார். பாட்டி வீட்டில் கேட்ட சொல் ஏதாவது ஒன்று, சரியோ தப்போ, கொண்டுவாருங்கள். அன்று அரங்கம் நிரம்பிவிட்டது, ஜன்னல் திட்டிலெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்கள். இளவயதில் பின்லாந்துக்குப் போய், தெரிந்த பின்னிஷைப் பேசி, உறவினர்கள் சிரித்ததைக் கண்டவர்கள் பலர். ஒருவர் அங்கே போய்க் குழந்தை வண்டியைத் தள்ளட்டுமா என்று கேட்டிருக்கிறார். தள்ளுவதற்கு இங்கே 'புஸ்ஸத', ஆங்கிலப் புஷ்தான். அங்கே புஸ்ஸத என்றால் முத்தமிடுவது. இன்னொருவர் சமையலறைக்குப் பாட்டி சொன்ன 'க்யொக்கி'யைக் கொண்டுவந்தார். அது ஆங்கிலக் கலப்பு என்று இத்தனை நாள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாராம். ஆங்கிலமே இல்லை, பழைய ஸ்வீடிஷ் கடன், என் பாட்டியும் அதைத்தான் சொன்னாள் என்றார் ஆசிரியர். ஒவ்வொரு சொல்லையும் பலகையில் எழுதினார். அழிக்கவில்லை. இடம் போதாமல் ஓரத்தில் செங்குத்தாக எழுதினார்.

அப்போது முதல் பேச்சில் தூங்கிய பெரியவர் எழுந்தார். எண்பது தாண்டியவர், மரம் வெட்டும் தொழிலில் இருந்தவர். பாட்டி தினமும் வாசலில் நின்று சொல்லும் சொல் ஒன்று இருக்கிறது என்றார். பிள்ளைகள் காலைச் சுற்றினால் சொல்வாளாம், பண்டம் விற்க வருகிறவனிடம் சொல்வாளாம், பூனையிடமும் சொல்வாளாம். சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவாள். போய் வா, நல்லபடியாக இரு என்று அர்த்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஏரிக்கரையில் சொந்தமாகச் சௌனா, அதாவது நீராவிக் குளியலறை, கட்டியபோது, பாட்டி நினைவாக அந்தச் சொல்லைத் தேவதாரு பலகையில் செதுக்கி வாசல்மேல் அடித்து வைத்தாராம். 'மெனிஹீடி' என்றார். சரியாக எழுதியிருக்கிறேனா என்று மட்டும் தெரிய வேண்டும்.

ஆசிரியர் சாக்பீஸோடு அப்படியே நின்றார். நான்கு வாரத்தில் அவர் தயங்கி நான் பார்த்தது அப்போதுதான். மெனெ என்றால் போ, அதுவரை எனக்குத் தெரியும். மீதிக்கு என்ன என்று நான் யோசிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி ராகமாக எடுத்தார். ஊர்ஹோ வெட்டுக்கிளிகளை விரட்டிய மந்திரம்: 'ஹெய்னாசிர்க்கா, ஹெய்னாசிர்க்கா, மெனெ தால்தா ஹீதேன்!' வெட்டுக்கிளியே, வெட்டுக்கிளியே, இங்கிருந்து நரகத்துக்குத் தொலை. ஒரு நொடி அமைதி. பிறகு அந்தத் தேவாலயக் கட்டடம் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டிருக்காது. பெரியவரும் வருஷா வருஷம் மார்ச்சில் அந்த மந்திரத்தைக் கத்தியவர்தான். காது வேறு, பலகை வேறு என்று இருந்திருக்கிறது. முகம் சிவந்துபோய் உட்காரப் போனார்.

'உட்காராதீர்கள்' என்றார் ஆசிரியர். ஹீதேன் என்பதைப் பலகையில் பிரித்து எழுதினார். அடிச்சொல் ஹீசி. கிறிஸ்தவம் வந்தபிறகு பேய்க்கும் நரகத்துக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால், பின்லாந்துக்காரர்கள் மரங்களைக் கும்பிட்ட காலத்தில், ஹீசி என்றால் ஊரை ஒட்டியிருந்த புனிதத் தோப்பு. கோடரி படக் கூடாத காடு. அங்கே பல ஊர்ப் பெயர்களில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. 'ஆகவே உங்கள் பாட்டி என்ன நினைத்துச் சொன்னாளோ, உங்கள் பலகையில் இருப்பதைப் புனிதத் தோப்புக்குள் போ என்றும் படிக்கலாம்' என்றார். நம் ஊர்க் கோயில்காடு மாதிரி என்று நான் குறுக்கே சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை, அது பரவாயில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். 'பூனையிடமுமா?' என்றார்.

சுவோமி கல்லூரி பிற்பாடு பின்லாண்டியா பல்கலைக்கழகமாகி, 2023இல் மூடப்பட்டது. மரபு மையத்தையும் அதன் ஆவணக் காப்பகத்தையும் பின்லாண்டியா அறக்கட்டளை ஏற்றுக்கொண்டதால் அந்தக் கட்டடம் பிழைத்தது. பேச்சாளர்களை ஊர் ஊராக அனுப்பும் வழக்கம் அந்த அறக்கட்டளைக்கு உண்டு, ரயில் மட்டும்தான் இப்போது இல்லை. நான் படிப்பை முடித்துத் தெற்கே வந்துவிட்டேன். கிளம்புவதற்கு முன், மார்ச் கடைசியில், பெரியவர் என்னைத் தன் சௌனாவுக்குக் கூப்பிட்டார். ஏரி இன்னும் உறைந்துதான் கிடந்தது. வாசல் உயரம் குறைவு. நிமிர்ந்து பார்த்தேன். மெனிஹீடி, பழைய எழுத்துப்பிழையோடு அப்படியே இருந்தது, புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார். 'ம், போ' என்று முதுகில் தட்டினார். குனிந்து உள்ளே போனேன்.